தானியப் பால் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

வீட்டில் ஓட்ஸ் பாலோ அரிசிப் பாலோ எடுக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. வழவழக்கிறது, சூடாக்கினால் கூழாகிறது, காபியில் ஊற்றினால் திரிகிறது, மறுநாளே புளிக்கிறது. அடுத்த மூச்சில் பலரும் கேட்பது, "வேறு மிக்ஸி வாங்கட்டுமா? பால் எடுக்கும் இயந்திரம் வாங்கட்டுமா?" என்பதுதான். வாங்குவது கடைசி வேலை. தண்ணீரின் சூடு, அரைக்கும் நேரம், வடிகட்டும் விதம் ஆகிய மூன்றையும் மாற்றிப் பார்க்காமல் பணத்தைச் செலவிடாதீர்கள். பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அடிப்படை அளவு வேண்டும். ஓட்ஸ் பாலுக்கு 100 கிராம் தடித்த செதில் ஓட்ஸ், 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, 30 வினாடி அரைப்பு. அரிசிப் பாலுக்கு 100 கிராம் அரிசியை வேகவைத்து ஆறவைத்த சோறு, 1 லிட்டர் தண்ணீர், ஒரு நிமிட அரைப்பு. கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த அளவை வைத்துத்தான். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரையும் ஓட்ஸையும் துணியையும் ஒரே நாளில் மாற்றினால், பால் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

## ஓட்ஸ் பால் வழவழக்கிறது, நூலாக இழுபடுகிறது

அதிகம் வரும் புகார் இது. முதலில் குறை எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கரண்டி பாலை எடுத்து ஒரு சாண் உயரத்திலிருந்து சரியுங்கள். சொட்டுச் சொட்டாக அறுந்து விழுந்தால் பால் நன்றாக இருக்கிறது. கடைசிச் சொட்டு கரண்டியின் விளிம்பிலேயே தொங்கி, மெல்லிய இழையாக நீண்டு, அறுந்ததும் மீதி இழை மேலே சுருங்கிக்கொண்டால் வழவழப்பு ஏறிவிட்டது என்று பொருள்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி? குழாய்த் தண்ணீர் போதாது. ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர் வேண்டும். அதிலும் நான்கைந்து பனிக்கட்டிகளைப் போட்டால் இன்னும் நல்லது. ஓட்ஸின் மாச்சத்து சூட்டில் கரைந்து குழையும். அதன் பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்தும் தண்ணீரில் கரைந்து வழவழப்பைத் தரும். இரண்டையும் அடக்கிவைப்பது குளிர்ச்சிதான்.

அரைத்து முடித்ததும் ஜாரின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அரைத்தது அதிகம். பிளேடின் உரசலே தண்ணீரைச் சூடாக்கிவிடும். மொத்தம் 20 முதல் 30 வினாடி போதும். பத்து வினாடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி பத்து வினாடி ஓட்டுங்கள். ஓட்ஸ் துகள்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் கவலையில்லை, அவை துணியில் தங்கிவிடும். நைசாக அரைத்தால் நிறையப் பால் வரும் என்பது தேங்காய்க்குச் சரி, ஓட்ஸுக்குச் சரியல்ல.

ஊறவைத்தீர்களா? செதில் ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் பதப்பட்டு வருவது. அதற்கு ஊறல் தேவையில்லை. வெட்டிய முழு ஓட்ஸாக இருந்தால்தான் ஊற வேண்டும். அப்போதும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கையில் வழுக்கல் போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசிய பிறகே அரைக்க வேண்டும்.

துணியைப் பிழிந்தீர்களா? தண்ணீர், நேரம் இரண்டையும் சரியாகக் கவனித்தவர்கள்கூட இங்கேதான் தவறவிடுகிறார்கள். துணியை முறுக்கிப் பிழியும்போது கடைசியாக வரும் அரை டம்ளர்தான் மொத்தப் பாலையும் கெடுப்பது. அதில் இருப்பது பாலைவிட வழவழப்பு அதிகம். ஒரு பாத்திரத்தின் மேல் துணியைக் கட்டி, பாலை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் தானாக வடிய விடுங்கள். கரண்டியால் தேய்க்கவும் வேண்டாம். சக்கை ஈரமாகவே மிஞ்சும். ரொட்டி மாவிலோ கஞ்சியிலோ அதைச் சேர்த்துவிடலாம், வீணாகாது.

எந்த வகை ஓட்ஸ்? உடனடி ஓட்ஸ் என்று விற்கும் மெல்லிய, பொடித்த வகை தண்ணீர் பட்டதுமே குழையும். தடித்த, பெரிய செதிலுக்கு மாறுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் இழுபட்டால், அடுத்த பகுதியில் சொல்லும் நொதி (என்சைம்) முறைக்குப் போகலாம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நொதி மாச்சத்தைத்தான் உடைக்கும், பீட்டா குளூக்கானை அல்ல. மெல்லிய வழுவழுப்பு கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். ஏற்கெனவே வழவழத்துப்போன பாலைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. சூப்புக்கோ கஞ்சிக்கோ பயன்படுத்திவிடுங்கள்.

பார்லியிலும் இதே நார்ச்சத்து உண்டு. அரிசிப் பால் பசையாக வந்தால் காரணம் வேறு: சோறு சூடாக இருக்கும்போதே அரைத்திருப்பீர்கள், அல்லது ஒட்டும் தன்மையுள்ள அரிசியாக இருக்கும். நீள அரிசிக்கு மாறி, ஆறவைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல் அரையுங்கள்.

## ஆறியபோது நன்றாக இருக்கிறது, அடுப்பில் வைத்தால் கூழாகிறது

இது நீங்கள் செய்த பிழை அல்ல. பச்சை மாச்சத்து 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தண்ணீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். அது எந்தத் தானியமானாலும் நடக்கும். கேழ்வரகுப் பால் இன்னும் வேகமாகவே கெட்டியாகும்.

செலவில்லாத வழி, சூடாக்காமல் குடிப்பது. அடுத்தது, தண்ணீரைக் கூட்டுவது: 1 லிட்டருக்குப் பதில் 1.3 லிட்டர். மூன்றாவது, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே கை பொறுக்கும் சூட்டில் இறக்கிவிடுவது. வடிகட்டிய பாலை ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் வெள்ளை வண்டலை விட்டுவிட்டு மேல்பாலை மட்டும் சாய்த்து எடுத்தாலும் கெட்டியாவது நன்றாகக் குறையும். சுவை சற்று மெலியும், அவ்வளவுதான்.

இவை எதுவும் போதாது, கொதிக்கவைத்தாலும் பாலாகவே இருக்க வேண்டும் என்றால் நொதி வேண்டும். கடையில் வாங்கும் ஓட்ஸ் பால் சர்க்கரை சேர்க்காமலே இனிப்பதும் சூட்டில் கெட்டியாகாததும் இதனால்தான். ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஓஸ்தே 1990களில் உருவாக்கிய முறையின் அடிப்படை இது. வீட்டில் செய்ய, உணவுத் தரமுள்ள ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதிப் பொடி போதும். அளவும் சூடும் பொட்டலத்தில் போட்டபடி, ஏனென்றால் ஒவ்வொன்றின் வலிமையும் வேறு. அது கிடைக்காவிட்டால் முளைகட்டி உலர்த்திய பார்லி மாவு, 100 கிராம் ஓட்ஸுக்கு 10 கிராம்.

பார்லி மாவு என்றால் செய்முறை இப்படி: அரைத்த ஓட்ஸையும் தண்ணீரையும் வடிகட்டாமல் அடுப்பில் வைத்து 65 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சமையல் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். 75 டிகிரியைத் தாண்டினால் மாவில் உள்ள நொதி செயலிழக்கத் தொடங்கும். கலவை கெட்டிக் கூழாகி, கரண்டியோடு சேர்ந்து சுழலும். அந்த நேரத்தில் மாவைத் தூவிக் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் கரண்டி இலேசாகும், கூழ் பாத்திரத்தின் ஓரங்களில் ஒட்டாமல் வழுக்கும், பிறகு நீர்த்து அலையடிக்கும். கண்முன்னே நடக்கும் இந்த மாற்றம்தான் நொதி வேலை செய்வதற்கு அடையாளம். நீர்க்கவே இல்லையென்றால் மாவு பழையது, அல்லது சூடு தவறிவிட்டது.

அரை மணி முதல் ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்திருந்துவிட்டு, ஒரு தேக்கரண்டிப் பாலைத் தனித் தட்டில் எடுத்து நன்றாக ஆறவைத்து, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாச்சத்து இன்னும் இருக்கிறது, நேரம் கூட்டுங்கள். அயோடினின் பழுப்பு நிறமே நின்றால் முடிந்தது. சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், பாத்திரத்தில் திரும்பச் சேர்க்கக் கூடாது. பிறகு ஒரு கொதி விட்டு நொதியை நிறுத்தி, ஆறவைத்து வடிகட்டுங்கள்.

இதில் மாச்சத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் இந்த முறைக்குப் போகும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## அடியில் வெள்ளையாகத் தங்குகிறது

தங்கத்தான் செய்யும். குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். குலுக்கிய பிறகும் ஒரு நிமிடத்திலேயே பிரிந்துவிட்டால் துகள் பெரிதாக இருக்கிறது, இன்னும் நெருக்கமான துணியில் மறுபடி வடிகட்டுங்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனையற்ற எண்ணெயும் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் சூரியகாந்தி லெசித்தின் அரைத் தேக்கரண்டியும் சேர்த்து அரைத்தால் பிரிவது தாமதமாகும். வாயிலும் பால் என்ற நிறைவு வரும்.

## நறநறக்கிறது, மாவு மாவாக நாக்கில் ஒட்டுகிறது

அரிசியைப் பச்சையாக ஊறவைத்து அரைத்துக் குடிப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். பச்சை மாச்சத்தை எந்தத் துணியும் முழுதாகப் பிடிக்காது. சோறாக்கி அரைப்பதே தீர்வு, வயிற்றுக்கும் அதுவே நல்லது. முழுத் தானியமாக இருந்தால் 8 முதல் 12 மணி நேரம் ஊறியதா என்று பாருங்கள்: நகத்தால் அழுத்தினால் தானியம் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் நசுங்க வேண்டும். அடுத்தது துணி. டீ வடிகட்டி போதாது, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போடுங்கள். மூன்றும் சரியென்றால் பிளேடு மழுங்கியிருக்கும். ஒரு கைப்பிடி உலர்ந்த அரிசியைப் பொடித்துப் பாருங்கள். வழக்கமாக ஓட்டும் நேரத்துக்குப் பிறகும் முழு அரிசி கிடந்தால் பிளேடைச் சாணை பிடிக்கவோ மாற்றவோ கொடுக்கலாம்.

## காபியில் ஊற்றினால் திரிகிறது

பால் கெட்டுவிட்டதா, காபிதான் காரணமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டு கரண்டிப் பாலை மட்டும் தனியாகச் சூடாக்குங்கள். தனியாகவே திட்டுத் திட்டாகப் பிரிந்தால் பால் புளித்துவிட்டது, கொட்டிவிடுங்கள். கெட்டியாகி, ஆனால் பிரியாமல் இருந்தால் பால் நல்லதுதான். காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரிக்கின்றன.

அப்போது செய்ய வேண்டியவை: பாலை முதலில் வெதுவெதுப்பாக்கிக் கோப்பையில் ஊற்றி, அதன்மேல் காபியை மெதுவாக விடுங்கள். கொதிக்கும் காபியில் குளிர்ந்த பாலைக் கொட்டுவதுதான் மிக மோசமான வரிசை. காபியை ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். நன்றாகக் கருக வறுத்த காபிக்குப் புளிப்பு குறைவு, அதற்கு மாறிப் பாருங்கள். அப்படியும் திரிந்தால் ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், எனக்குப் பிடிக்காத வழி இது. தேநீருக்குப் புளிப்பு குறைவு என்பதால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. எலுமிச்சை சேர்த்த எதிலும் தானியப் பாலை ஊற்ற வேண்டாம்.

## கசக்கிறது, தொண்டையில் காறுகிறது, சிக்கு வாடை அடிக்கிறது

பாலை விட்டுவிட்டு, உலர்ந்த தானியத்தை வாயில் போட்டு அரை நிமிடம் மெல்லுங்கள். நல்ல ஓட்ஸ் முதலில் மாவாகவும் பிறகு இலேசாக இனிப்பாகவும் தெரியும். முடிவில் கசப்போ பழைய எண்ணெய் வாடையோ வந்தால் குற்றம் தானியத்தில்தான். என்ன செய்தாலும் பால் நன்றாக வராது. ஓட்ஸிலும் கம்பிலும் கொழுப்பு அதிகம். பொடித்து வைத்த கம்பு மாவு சில நாட்களிலேயே காறத் தொடங்கும். அதனால் முழுத் தானியமாக வாங்கி, அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். திறந்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் இருட்டான இடத்தில் வையுங்கள்.

தானியம் நன்றாக இருந்தால் எண்ணெயை மோந்து பாருங்கள். அதன் பிறகு துணியை. நனைத்துச் சூடான தண்ணீரில் போட்டால் அதில் ஊறிய சலவைத்தூள் வாடை மேலே வரும். பால் வடிகட்டும் துணியை வாசனைத் தூளில் துவைக்கக் கூடாது, வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயப்போட்டால் போதும். குடிநீரில் குளோரின் வாடை இருந்தால் அதுவும் பாலில் அப்படியே தெரியும்.

கினோவாவில் வரும் கசப்பு தனி வகை. அதன் மேல்தோலில் உள்ள சப்போனின் என்ற கசப்புப் பொருள் நுரைக்கும். அலசும் தண்ணீரில் நுரை வராமல் போகும்வரை கழுவுங்கள்.

## சப்பென்று இருக்கிறது

உப்பு போட்டீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். அடுத்து, தண்ணீரை 800 மில்லி லிட்டராகக் குறையுங்கள். ஓட்ஸை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, முழுதாக ஆறவைத்து அரைத்தால் சுவை மாறிவிடும். இனிப்புக்குப் பேரீச்சம்பழம் இரண்டு போதும்.

## சீக்கிரம் புளிக்கிறது

ஃபிரிட்ஜில் வைத்த வீட்டுப் பாலுக்கு ஆயுள் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. அதற்குமேல் நன்றாகத் தெரிந்தாலும் குடிக்காதீர்கள். கடைப் பாலுக்கு நடக்கும் உயர்வெப்பப் பதப்படுத்தல் இதற்கு இல்லை. மூன்று நாளுக்கு முன்பே புளித்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பாட்டில். மூடியின் உள்வளையத்தைக் கழற்றி அதன் அடியில் விரலால் தேயுங்கள். வழுக்கினால் பழைய பாலின் படலம் அங்கே இருக்கிறது. மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியிலும் இப்படித்தான் தேங்கும். கண்ணாடிப் பாட்டிலையும் துணியையும் கொதிநீரில் போட்டு எடுங்கள். ஒரே பெரிய பாட்டிலுக்குப் பதில் சிறிய பாட்டில்களில் ஊற்றிவையுங்கள், திறந்து மூடுவது குறையும்.

இரண்டாவது, வெளியே இருந்த நேரம். ஊறல் வெயில் காலத்தில் ஃபிரிட்ஜுக்குள்தான் நடக்க வேண்டும். எடுத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். அரிசிப் பாலுக்கு இது இன்னும் கண்டிப்பு. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. வெளியே கிடந்த சோற்றில் அது உண்டாக்கும் நச்சும் மறுபடி கொதிக்கவைத்தால் அழிவதில்லை. ஆகவே பாலுக்கென்று சோறு வடித்ததும் அகன்ற தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவு முழுதும் வெளியே இருந்த சோறு பாலுக்கு ஆகாது.

மூன்றாவது, ஃபிரிட்ஜ். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதற்குள் வெப்பமானியைப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் குளிர்ச்சிப் பொத்தானைக் கூட்டி, கதவின் ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடிப் பாருங்கள். தாள் தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ரப்பர் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பாலைவிட முக்கியமான உணவுகளும் அதற்குள் இருக்கின்றன. பாலைக் கதவில் வைக்காமல் உள்தட்டில் பின்புறம் வையுங்கள்.

மூடியைத் திறக்கும்போது காற்று சீறினால், குமிழ் எழுந்தால், இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ கறை தெரிந்தால் சுவைத்துக்கூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

## மிக்ஸி நின்றுவிடுகிறது, அடியில் ஒழுகுகிறது

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றால் சுமை கூடிவிட்டது. இணைப்பைப் பிடுங்கி, 20 நிமிடம் ஆறவிட்டு, அடியில் உள்ள ஓவர்லோடு பொத்தானை அழுத்திவிட்டு ஓட்டுங்கள். ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சூடான எதையும் மூடி போட்டு அரைக்கக் கூடாது. ஆவி மூடியைத் தள்ளி, மேலே தெறித்துச் சுட்டுவிடும்.

அடியில் ஒழுகினால் முதலில் வாஷர். தட்டையாகிவிட்டதா, விரிந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள், குறைந்த செலவு. புது வாஷர் போட்டும் பிளேடின் தண்டு வழியாகக் கசிந்தால், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை. ஆறவைத்து ஓட்டிய பிறகும் கருகல் வாடை வந்தாலோ, தீப்பொறி தெரிந்தாலோ, தொட்டால் சுர்ரென்று அடித்தாலோ நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம், உடனே மெக்கானிக்கிடம் கொடுங்கள். கசிந்த பால் மோட்டாருக்குள் இறங்கியிருந்தாலும் அப்படியே.

## குடித்த பிறகு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை

வயிறு உப்பினால் அளவைப் பாதியாக்கி ஒரு வாரம் பாருங்கள். ஓட்ஸின் நார்ச்சத்துக்குச் சிலருக்குப் பழக நாளாகும். குளூட்டன் என்ற தானியப் புரதம் ஒவ்வாதவர்களுக்குப் பார்லி கூடவே கூடாது, பார்லி மாவு சேர்த்த நொதி முறையும் கூடாது. ஓட்ஸோடு வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும் என்பதால் குளூட்டன் இல்லை என்று சான்று போட்ட ஓட்ஸையே வாங்க வேண்டும். அதையும் சிலர் உடல் ஏற்பதில்லை. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமே அல்ல, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடாத வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்கோ மருத்துவர் சொன்ன பால்மாவுக்கோ மாற்றாக எந்தத் தானியப் பாலும் கூடாது. அரிசிப் பாலில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருக்கக்கூடும் என்பதால், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் அரசே அறிவுறுத்துகிறது. பெரியவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைப் பாலில் சேர்ப்பதுபோல வீட்டுப் பாலில் கால்சியமோ வைட்டமின் டி, பி12 சத்துகளோ சேர்வதில்லை, புரதமும் மிகக் குறைவு. மாட்டுப் பாலை முழுதாக விட்டுவிட்டு இதற்கு மாறுகிறவர்கள் உணவியல் நிபுணரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போகும்போது எந்தத் தானியம், எவ்வளவு தண்ணீர், நாளுக்கு எத்தனை டம்ளர் என்று எழுதிக்கொண்டு போங்கள்.